படிகம் படியாப் படலம்

நூல் செய்பவன் பாயிரத்தில் எட்டுச் செய்திகளைச் சொல்லியாக வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த விதி. நம் நூல் சிறிது, விதி பெரிது. ஆகவே விதியை முதலில் முடித்துக்கொள்வோம். நுதலிய பொருள்: நீரில் கரைந்து கிடக்கும் தாது எப்போது, எப்படி, என்ன காரணத்தால் படிகமாகத் திரள்கிறது என்பதும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகச் சம்பளம் வாங்கும் முதுமுனைவர் ஆய்வாளர், அதாவது வழக்கில் போஸ்ட்டாக் எனப்படுபவர், இதற்கிடையில் என்ன ஆகிறார் என்பதும். எல்லை: வடக்கே கிரீன்லாந்தின் இக்கா ஃபியோர்டு, தெற்கே பிரேசிலின் வெர்மேலா காயல், நடுவே ஜெர்மனி. கேட்போர்: நல்கைக் குழுவினர். பயன்: பாய்லரில் உப்பு படியாமை, சிறுநீரகத்தில் கல் சேராமை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கல்லாக்கிப் புதைத்தல். இம்மூன்றும் விண்ணப்பத்தின் முதல் பத்தியில் வரும், பிறகு வாரா. ஆக்கியோன் பெயர்: இத்துறையில் ஒரு கட்டுரைக்கு ஆக்கியோர் ஏழெட்டுப் பேர். பீக்கரைப் பிடித்தவர் பெயர் முதலில் இருக்கும், பணத்தைப் பிடித்தவர் பெயர் கடைசியில் இருக்கும். இடையில் உள்ளவர்கள் எதைப் பிடித்தார்கள் என்பதைக் கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் காண்க. எஞ்சிய மூன்றும் படிப்போர் தாமே உய்த்துணர்க.

மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி வரை எட்டாகப் பகுத்த அதே நன்னூலில், படித்து முடித்த பிறகும் மாணாக்கராகவே இருப்பவருக்கு இடம் இல்லை. பவணந்தியார் மேல் குறை சொல்வதற்கில்லை. அவர் காலத்தில் அப்படி ஓர் இனமே கிடையாது. 1919-ல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தைக் கொண்டு அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நல்கை தரத் தொடங்கியபோதுதான் இவ்வினம் முறைப்படி உலகில் தோன்றியது. முனைவர் ஆகிவிட்டார், பேராசிரியர் ஆகவில்லை. ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கீங்களா?” என்று கேட்பார். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்பதால், ரசத்தைக் கூப்பிடுவது வழக்கம்.

இனிப் பொருளுக்கு வருவோம். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் தாதுவைக் கரைத்து வைத்துக்கொண்டிருக்கும் நீருக்கு அதிதெவிட்டிய கரைசல் என்று பள்ளிப் புத்தகம் பெயர் சொல்லும். நியாயப்படி உபரி முழுவதும் அந்தக் கணமே படிகமாக இறங்கிவிட வேண்டும். இறங்குவதில்லை. அஃதென்னை எனின், புதிதாகத் திரளும் பொடிப் படிகத்துக்கு உள்ளே ஆற்றல் இலாபம், மேற்பரப்பில் ஆற்றல் நட்டம். சின்னதாக இருக்கும் வரை உள்ளளவைவிடப் பரப்பே மிகுதி. ஆகவே நட்டம் மிகுதி. ஆகவே திரண்டது கரைந்துபோகும், மறுபடி திரளும், மறுபடி கரையும். ஏதோ ஒரு தற்செயலில் குறிப்பிட்ட ஓர் ஆரத்தை அது கடந்துவிட்டால் கணக்கு தலைகீழாகும். அதற்கப்புறம் அதை நிறுத்த முடியாது. கடக்கும் வரை பீக்கரில் தெரிவது தண்ணீர். இத்துறை முழுவதும் அந்தத் தண்ணீரைப் பற்றியது.

மேற்படி கணக்குக்கு அடிகோலியவர் ஜோசையா வில்லர்ட் கிப்ஸ். 1871-ல் யேல் பல்கலைக்கழகம் அவரைக் கணித இயற்பியல் பேராசிரியராக நியமித்தது, சம்பளம் இல்லாமல். 1875-க்கும் 1878-க்கும் இடையில் கனெக்டிகட் கழகத்தின் இதழில், இன்று வேதி வெப்ப இயக்கவியலின் அடித்தளமாகக் கொள்ளப்படும் கட்டுரையை அவர் வெளியிட்டார், அப்போதும் சம்பளம் இல்லை. தந்தை விட்டுப்போன சொத்து இருந்ததால் அடுப்பு எரிந்தது. 1880-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 3,000 டாலர் தருகிறோம் வாருங்கள் என்று அழைத்தது. யேல் திடுக்கிட்டு எழுந்து 2,000 டாலர் தந்தது. கிப்ஸ் 2,000 டாலரை வாங்கிக்கொண்டு யேலிலேயே இருந்துவிட்டார். ஒன்பது ஆண்டாக ஒன்றும் நிகழாத ஓரிடத்தில் வெளியிலிருந்து ஒரு துகள் வந்து விழுந்த மாத்திரத்தில் எல்லாம் சட்டென்று திரண்டுவிடும் என்பதற்கு இத்துறையில் பதிவான முதற்சான்று இது என்க.

கிப்ஸின் அடித்தளத்தின் மேல் 1926-ல் ஃபோல்மரும் வேபரும், 1935-ல் பெக்கரும் டோரிங்கும் கட்டிய மாளிகைக்குச் செவ்வியல் கருவாக்கக் கோட்பாடு என்று பெயர். ஐம்பது அறுபது அயனிகள் சேர்ந்த ஒரு கூட்டத்தை வழவழப்பான உருண்டை என்றும், அதன் பரப்பு ஆற்றல் கைக்கல் அளவுள்ள படிகத்தின் பரப்பு ஆற்றலே என்றும் இக்கோட்பாடு கொள்ளும். கால்சியம் கார்பனேட்டின் படிகமான கால்சைட் எந்தக் காலத்திலும் உருண்டையாக இருந்ததில்லை. அதற்குச் சாய்சதுர முகங்கள். கோட்பாடு கணித்த வேகமும் ஆய்வகத்தில் அளந்த வேகமும் பத்தின் பல அடுக்குகள் விலகி நிற்பது உண்டு. பலசரக்குக் கடைக் கணக்கு இப்படி விலகினால் கடையைப் பூட்டுவார்கள். அறிவியலில் அதைச் செவ்வியல் என்று வழங்கி, பரப்பு ஆற்றலை மட்டும் கொஞ்சம் மாற்றிப் போட்டு, விடை வரும்வரை சரிசெய்துகொள்வது மரபு. அந்தச் சரிசெய்தலுக்கும் ஒரு போஸ்ட்டாக் தேவைப்படும் என்பது உபரி நன்மை.

எடுத்துக்காட்டின்றி இலக்கணம் விளங்காது. சேலத்திலிருந்து ஜெர்மனியின் போட்ஸ்டாமுக்குப் போன ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். பெயர் வேண்டா, உதாரணர் என்றே குறிப்போம். அவர் காலையில் வந்ததும் கண்ணாடிக் கலங்களைக் கழுவுவார். கழுவுவது என்றால் முந்தின இரவே நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு, காலையில் எடுத்து, மின்தடை 18.2 மெகாஓம் காட்டும் தூயநீரில் திரும்பத் திரும்ப அலசுவது. கரைசலை 0.2 மைக்ரான் துளையுள்ள சவ்வு வடிகட்டியில் வடிப்பார். இத்தனையும் எதற்காக? தூசியோ கீறலோ இருந்தால் படிகம் அதைப் பிடித்துக்கொண்டு சுலபமாகத் தோன்றிவிடும். அப்படிச் சுலபமாகத் தோன்றினால் அது செல்லாது. புறக்காரணம் ஒன்றும் இல்லாமல் தானாகவே தோன்ற வேண்டும். ஆகவே படிகம் தோன்றுவதற்குரிய காரணங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் நீக்கிவிட்டு, உதாரணர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, படிகம் ஏன் தோன்றவில்லை என்று ஆராயத் தொடங்குவார்.

அந்தக் கட்டடத்தின் தேநீர் அறையில் ஒரு கெட்டில் இருக்கிறது என்று கொள்க. பெர்லின், போட்ஸ்டாம் வட்டாரக் குழாய்த் தண்ணீர் நல்ல கடினநீர். கெட்டிலைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் பழுப்பேறிய வெள்ளைப் பொருக்கு, ஓரங்களில் செதில் செதிலாகப் பெயர்ந்து நிற்கும்; தண்ணீர் ஊற்றினால் இரண்டு செதில் மிதந்து வந்து கோப்பையில் விழும். தேநீரின் மேல் மெல்லிய ஆடை படரும், கரண்டியால் தொட்டால் உடையும். தண்ணீர் கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, பைகார்பனேட்டு கார்பனேட்டாகிறது, சூடு ஏற ஏறக் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறனும் குறைகிறது. கால்சைட்டோடு, சூட்டில் பிறக்கும் அரகோனைட்டும் கெட்டிலில் சேர்ந்திருக்கக்கூடும். நல்கை இல்லை, வடிகட்டி இல்லை, அமிலக் குளியல் இல்லை, இரண்டு வாரத்தில் இத்தனை மகசூல். ஆனால் கெட்டில் கட்டுரை எதுவும் எழுதவில்லை. ஆகவே அதை இத்துறையின் பங்களிப்பாளராகக் கொள்வதற்கில்லை.

பீக்கரில் படிகம் வர மறுத்தால் கண்ணாடிக் குச்சியால் உட்சுவரைக் கீறுவது வேதியியல் கூடங்களின் தொல்முறை. கீறிய தடத்தைப் பிடித்துக்கொண்டு படிகம் வந்துவிடும். தாடி வைத்த ஆய்வாளர் கரைசலின் மேல் குனிந்ததும் படிகம் இறங்கிற்று என்றொரு கதையும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகிறது. பல ஆண்டு வேதியியல் தாடியில் பலவிதமான படிகத் துகள் தங்கியிருக்கும் என்பது அதன் விளக்கம். தாடி முறைக்குத் தரப்படுத்தப்பட்ட செய்முறை இன்னும் வகுக்கப்படவில்லை. மழித்தவர்களுக்குக் கண்ணாடிக் குச்சியே கதி.

உதாரணரின் அன்றாடப் பணி பின்வருமாறு. கார்பனேட்டுக் கரைசலில் கால்சியம் குளோரைடைத் துளித்துளியாகச் சொட்டவிட வேண்டும். பிஎச் அளவு மாறாமல் இருக்க இன்னொரு குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டும். தனித்திரியும் கால்சியம் அயனி எவ்வளவு என்பதை ஒரு மின்முனை எண்ணிக்கொண்டிருக்கும். திரையில் கோடு மெல்ல ஏறும். ஏறிக்கொண்டே இருக்கும். உதாரணர் பார்த்துக்கொண்டே இருப்பார். எப்போதோ ஒரு கணத்தில் கோடு சடாரென்று சரியும். கரு உண்டாயிற்று என்று பொருள். அந்தக் கணத்தில் உதாரணர் பெரும்பாலும் தேநீர் அறையில் இருப்பார்.

இந்தக் கோட்டில்தான் வம்பு தொடங்கியது. 2008-ல் கெபாவர், ஃபோல்கெல், கோல்ஃபன் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் ஒன்று சொன்னார்கள்: கோடு சரிவதற்கு வெகு முன்னரே, சொட்டிய கால்சியத்தில் ஒரு பங்கைக் காணவில்லை. அது கார்பனேட்டோடு சேர்ந்து சிறுசிறு கொத்துகளாகி, கரைசலிலேயே நிலையாக நிற்கிறது. செவ்வியல் கோட்பாட்டின்படி அப்படிக் கொத்து நிலைக்கக் கூடாது. ஆரம் கடக்காதது கரைந்துபோக வேண்டும். உடனே இரு தரப்பு உண்டாயிற்று. கொத்து உண்டு என்பார் ஒருசாரார். அவை வெறும் அயனி இணைகள், பழைய கோட்பாடே போதும் என்பார் மற்றொருசாரார். காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமம் போடுவதா தென்கலை நாமம் போடுவதா என்ற வழக்கு எத்தனை வருடம் ஓடியது என்பதை அறிந்தவர்கள் இதன் போக்கையும் ஊகிக்கலாம், ஒரு வேற்றுமையோடு: அங்கே யானையாவது கண்ணுக்குத் தெரிந்தது. மாநாட்டில் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் ‘சுவையான முடிவு’ என்று பாராட்டிக்கொள்வார்கள். இத்துறையில் அதைவிடக் கடுமையான வசை கிடையாது.

2014-ல் நீல்சன், அலோனி, டி யோரியோ மூவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஒரு நுண்ணிய நீர்க்கூட்டை வைத்து, கால்சியம் கார்பனேட்டு பிறப்பதை நேரிலேயே பார்த்தார்கள். சிலது உருவற்ற திரளாகத் தோன்றிப் பிறகு படிகமாயிற்று. சிலது நேரடியாகவே படிகமாகத் தோன்றிற்று. ஒரே கூட்டில், ஒரே நேரத்தில், இரு வழியும். இதைக் கண்ட இரு தரப்பும் தாங்கள் சொன்னதே நிறுவப்பட்டது என்று மகிழ்ந்தன.

இடைநிலைகள் பற்றி முன்னரே விதி உண்டு. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1897-ல் வகுத்தது: கரைசல் நேரே மிக நிலையான வடிவத்துக்குப் போகாது, நிலை குறைந்த வடிவங்களில் தங்கித் தங்கித்தான் போகும். கால்சியம் கார்பனேட்டு முதலில் உருவற்ற சேறாக இறங்கும், பிறகு வேட்டரைட் ஆகும், கடைசியில் கால்சைட் ஆகும். இவ்விதி போஸ்ட்டாக்குக்கும் பொருந்துமா என்று கேட்பவருக்கு விடை: பொருந்தும். அளவுக்கு மீறிப் பொருந்துவதால் அதை ஈண்டு விரிக்கவில்லை. கிரீன்லாந்தின் இக்கா ஃபியோர்டில் 1963-ல் அறியப்பட்ட இக்கைட் என்ற வடிவத்தை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம். ஒரு கால்சியம் கார்பனேட்டுக்கு ஆறு நீர் என்று சேர்த்துக்கொண்டு, கடலடியில் தூண் தூணாக எழும்பி நிற்கும். உறைபனிக்குச் சற்று மேலுள்ள குளிர்வரைதான் அதன் கம்பீரம். அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் தண்ணீரும் கால்சைட்டுக் கூழுமாகப் போய்விடும். ஆய்வகக் குளிர்பெட்டியைத் தவறுதலாக அணைத்த துப்புரவுப் பணியாளரால் ஒரு கனிமமே மறைந்துபோகும் வாய்ப்பு வேறெந்தத் துறையிலும் இவ்வளவு இல்லை.

ஞாயிறுதோறும் உதாரணரின் தாயார் சேலத்திலிருந்து அழைப்பார்.

“ஏங்கண்ணு, அந்தக் கல்லு வந்துருச்சா?”

“இல்லீங்மா. இன்னும் தண்ணியாத்தான் இருக்குது.”

“நம்மூட்டுக்குப் பின்னால மலை மலையா வெள்ளைக்கல்லாக் கெடக்குது. ரண்டு கல்லு அனுப்பட்டுமா, அந்த வாத்தியாருகிட்டக் காட்டிப் போடலாம்?”

அம்மா சொல்வதில் பிழை இல்லை. வெள்ளைக்கல் என்று சேலத்தில் வழங்குவது மாக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட்டு. மெக்னீசியம் மிகுந்த ஆழ்நிலப் பாறையில் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் புகுந்து வெள்ளை நரம்புகளாக விட்டுச்சென்றது. வெள்ளையர் அம்மலைகளுக்குச் சாக்குக் குன்றுகள் என்றே பெயர் வைத்தார்கள். ரயில்வே மாக்னசைட் சந்திப்பு என்று ஒரு நிலையமே வைத்திருக்கிறது. அதே மாக்னசைட்டை அறை வெப்பத்தில் சாதாரண நீரிலிருந்து வரவழைப்பது ஆய்வகத்துக்குப் பெரும்பாடு. நீரில் கரைந்த மெக்னீசியம் அயனி ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் தன்னைச் சூழ்ந்த நீரை மாற்றிக்கொள்ளும் வேகத்தோடு ஒப்பிட்டால் மெக்னீசியத்தின் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீரை உதறினால்தான் படிகத்தில் உட்கார முடியும், அது உதறாது. ஜங்ஷன் வரைக்கும் கிடக்கிற கல்லை ஜெர்மனியில் ஒரு சிட்டிகை எடுக்க முடியவில்லை என்பதை அம்மாவுக்கு விளக்க உதாரணர் முயன்றதில்லை.

மெக்னீசியத்தின் இந்தப் பிடிவாதத்துக்குப் பெரும் நினைவுச் சின்னம் டோலமைட். ஓர் அடுக்கு கால்சியம், ஓர் அடுக்கு மெக்னீசியம், இடையிடையே கார்பனேட்டு என மாறி மாறி அமைந்த கனிமம். 1791-ல் பிரெஞ்சுக்காரர் டியோடா தெ டோலோமியூ, சுண்ணாம்புக்கல் போலவே இருந்தும் அமிலம் பட்டால் சீறிப் பொங்காத ஒரு கல்லை விவரித்தார். மறு ஆண்டு சோசூர் அதற்கு அவர் பெயரையே சூட்டினார். பின்னர் நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்த் திரும்பும் வழியில் டோலோமியூ பிடிபட்டு, மெசினாவில் ஏறத்தாழ 21 மாதம் தனிச்சிறையில் கிடந்தார். விளக்குக் கரியை மையாக்கி, மரச்சிராயைப் பேனாவாக்கி, பைபிளின் ஓரங்களில் கனிமவியல் எழுதினார். வருகை தருவோர் இல்லை, கருவி இல்லை, எழுதி முடித்தாக வேண்டிய நூல் மட்டும் உண்டு. தற்கால நல்கை விதிகளில் இதற்கு நெருங்கிய காலவரையறை 24 மாதம். மீதி மூன்று மாதம் விடுப்பாகக் கொள்க.

டோலமைட் பழம்பாறைகளில் மலை மலையாகக் கிடக்கிறது. இத்தாலியின் டோலமைட் மலைத்தொடர் அதுவே. நயாகரா அருவி விழும் பாறையின் மேல்விளிம்பும் அதுவே. ஆனால் இன்றைய கடலில் அது உருவாவதைக் காண்பது அரிது, கடல்நீரோ டோலமைட்டுக்கு அதிதெவிட்டிய நிலையில் இருக்கிறது. அக்காலத்தில் அவ்வளவு உண்டாக்கத் தெரிந்த கடல் இன்று ஏன் சும்மா இருக்கிறது என்பதே இருநூறு ஆண்டுக்கு மேலாகப் புவியியலாரை வாட்டிய டோலமைட் சிக்கல். லிண்டன் லேண்ட் என்ற டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 25 பாகை வெப்பத்தில், ஆயிரம் மடங்கு அதிதெவிட்டிய நிலையிலும், 32 ஆண்டு கழித்தும் டோலமைட் இறங்கவில்லை என்ற செய்தி முழுவதும் தலைப்பிலேயே இருக்கும். துறையில் இதைவிட நேர்மையான தலைப்பு வேறில்லை. இந்தச் சோதனையைப் போஸ்ட்டாக்குகளைக் கொண்டு நடத்தியிருந்தால், ஈராண்டுக்கு ஒருவராக 16 பேர் வரிசையாக வந்து, பார்த்து, ஒன்றும் நிகழவில்லை என்று அறிக்கை எழுதி, வழியனுப்பு விழா கேக்கைத் தின்று சென்றிருப்பார்கள். பதினாறு பேருக்கும் பரிந்துரைக் கடிதத்தில் ‘பொறுமைசாலி’ என்று எழுதப்பட்டிருக்கும்.

கால அளவு பற்றி ஈண்டு இரண்டு கணக்கு. மெக்சிகோவின் நைகா சுரங்கத்தில் 2000-ல் தொழிலாளர்கள் திறந்த குகையில் 11 மீட்டர் நீள ஜிப்சப் படிகங்கள் தூண்களாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. உள்ளே 58 பாகைச் சூடு. மனிதர் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. 2011-ல் ஒரு குழு, நைகாவின் நீரையே எடுத்துவந்து, ஒளிக் குறுக்கீட்டு முறையில் இப்படிகம் வளரும் வேகத்தை அளந்தது. நேரடியாக அளக்கப்பட்ட படிக வளர்ச்சிகளில் மிக மெதுவானது அது: ஆண்டுக்கு அரை மைக்ரானுக்கும் குறைவு. ஈராண்டு ஒப்பந்தம் முடியும்போது ஒரு மைக்ரான்கூட ஆகியிருக்காது. ஒரு தூண் ஒரு மீட்டர் பருக்கப் பத்து லட்சம் ஆண்டு தேவை, அதாவது ஐந்து லட்சம் போஸ்ட்டாக்குகள்.

மற்றொன்று மேரி கியூரி. ரேடியம் குளோரைடையும் பேரியம் குளோரைடையும் பிரிக்க அவர் கையாண்டது நீரில் கரைத்துப் படிகமாக்கி, மறுபடி கரைத்துப் படிகமாக்கும் முறை. 1898 டிசம்பரில் ரேடியம் இருப்பதாக அறிவித்தார். 1902-ல்தான் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு கையில் வந்தது. இன்று அவர் பெயரால் வழங்கும் போஸ்ட்டாக் நல்கையில் ஐரோப்பாவுக்குள் தரப்படுவது 12 முதல் 24 மாதம் வரை. அதை அவரே பெற்றிருந்தால் பாதியில் தீர்ந்திருக்கும். பெற்றிருக்கவும் முடியாது: விண்ணப்பிக்க முனைவர் பட்டம் வேண்டும், அவருக்கு அது 1903-ல் வந்தது.

உயிர்களுக்கு இந்த இடர்ப்பாடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், சொல்ல வருத்தமாக இருந்தாலும். பிரேசிலின் வெர்மேலா காயற் சேற்றிலிருந்து எடுத்த, சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களோடு டோலமைட் தோன்றுவதை வாஸ்கோன்செலோஸும் மெக்கென்ஸியும் மற்றவர்களும் 1995-ல் காட்டினார்கள். கடல் முள்ளெலியின் குஞ்சோ உருவற்ற கால்சியம் கார்பனேட்டைச் சேமித்து, அதிலிருந்து கால்சைட்டு முள்ளைச் சில நாளில் வளர்த்துவிடுகிறது. குஞ்சின் கல்வித் தகுதி பற்றி இலக்கியங்களில் குறிப்பில்லை.

டோலமைட் சிக்கலுக்கு 2023-ல் ஒரு விடை வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து வென்ஹாவ் சன் குழுவும் ஜப்பானின் ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்துக் குழுவும் சேர்ந்து கண்டது. டோலமைட்டின் மேற்பரப்பில் கால்சியமும் மெக்னீசியமும் தத்தம் இடம் பாராமல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அந்தத் தாறுமாறு வரிசையின் மேல் அடுத்த அடுக்கு ஏற முடியாது, வளர்ச்சி நிற்கும். இப்படியே விட்டால் ஓர் ஒழுங்கான அடுக்கு அமைய ஒரு கோடி ஆண்டு ஆகும். ஆனால் இடம் மாறி உட்கார்ந்தவை சரியாக உட்கார்ந்தவற்றைவிட எளிதில் கரைபவை. எனவே அவ்வப்போது கொஞ்சம் கரைத்துவிட்டால் தவறானவை போகும், சரியானவை நிற்கும், அடுத்த அடுக்கு ஏறும். இயற்கையில் மழையும் ஓதமும் வந்து வந்து போகும் இடங்களில் இது நிகழும். இன்று டோலமைட் தென்படும் ஒருசில இடங்களும் நீர் ஏறி வற்றும் இடங்களே. ஜப்பானியர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கற்றையை விட்டுவிட்டுப் பாய்ச்சினார்கள். கற்றை நீரைப் பிளந்து அமிலமாக்கும், அமிலம் படிகத்தைக் கரைக்கும். வழக்கமாக இது கருவியின் குற்றம். மாதிரி கெட்டுவிட்டது என்று குறிப்பெழுதித் தூக்கிப்போடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் 4,000 முறை பாய்ச்சியபின் பார்த்தால் டோலமைட் ஏறத்தாழ 100 நானோமீட்டர் வளர்ந்திருந்தது: 300 அடுக்கு. அதற்குமுன் ஆய்வகத்தில் ஐந்து அடுக்குக்கு மேல் யாரும் கண்டதில்லை. லேண்டின் குடுவை 32 ஆண்டாக அசையாமல் இருந்ததற்குக் காரணம் அதை யாரும் அசைக்காததுதான் போலும்.

உதாரணர் இதைப் படித்துவிட்டுத் தம் ஊர் மாக்னசைட்டிலும் முயன்று பார்க்க எண்ணினார். ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்தது. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையப் படிவத்தில் மாதவாரிப் பணித்திட்டம் என்றொரு கட்டம். எந்த மாதத்தில் எந்தக் கண்டுபிடிப்பு நிகழும் என்பதை அதில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். உதாரணர் நேர்மையாக நிரப்பினார்: ஆறாம் மாதம், படிகம் வளர்க்கப்படும், ஏழாம் மாதம், வளர்ந்த படிகம் கரைக்கப்படும், எட்டாம் மாதம், மீண்டும் வளர்க்கப்படும், ஒன்பதாம் மாதம், மீண்டும் கரைக்கப்படும். மூன்று வாரம் கழித்து நல்கை அலுவலகத்திலிருந்து மறுமொழி வந்தது. ஏழாம், ஒன்பதாம் மாதப் பணிகள் முறையே ஆறாம், எட்டாம் மாதப் பணிகளின் விளைவை இல்லாமல் ஆக்குவதாகத் தோன்றுவதால் விண்ணப்பதாரர் விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். விளக்கம் 250 எழுத்துகளுக்கு மிகக் கூடாது. இடைவெளியும் எழுத்தாகவே கணக்கிடப்படும்.